பழைய காரின் பாடி மவுண்ட் புஷ்களை மாற்றுவது: முதல் போல்ட்டிலிருந்து கதவு இடைவெளி வரை

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காலுக்கடியில் எங்கிருந்தோ "டொக்" என்று ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றியாச்சு, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மாற்றியாச்சு, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கிற பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பாடிக்கும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான ஃபிரேமுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற ரப்பர் துண்டுகள், அதாவது பாடி மவுண்ட் புஷ்கள், யார் கண்ணிலும் படுவதில்லை, அதனால் அவற்றின் மேல் சந்தேகமும் கடைசியில்தான் வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ரப்பரை மாற்றுவது சின்னப் பகுதி. பல வருடம் துருவேறி இறுகிப்போன போல்ட்டை உடைக்காமல் கழற்றுவதும், பாடியைத் தூக்கும்போது எந்தக் குழாயும் எந்த வயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலையில் முக்கால்வாசி. அந்த இரண்டையும் நிதானமாகச் செய்தால் வீட்டு ஷெட்டிலேயே முடித்துவிடலாம்.

உங்கள் காரில் இது உண்டா?

தனி ஃபிரேமின் மேல் பாடியை உட்கார வைத்த கார்களில்தான் பாடி மவுண்ட் இருக்கும். 1964 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே செவல், ஜீப் சிஜே வரிசை, டொயோட்டா லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே40 எல்லாம் இந்த வகை. முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங்கில் தனி ஃபிரேமே கிடையாது, பாடியும் அடிப்பகுதியும் ஒன்றாகவே வெல்டு செய்யப்பட்டவை, அதனால் அதில் தேடாதீர்கள். 1967 முதல் 1969 வரையிலான கமாரோ இரண்டுக்கும் நடுவில் வரும்: முன்பக்கம் மட்டும் ஒரு துணை ஃபிரேம், அது புஷ்கள் வழியாகப் பாடியில் மாட்டப்பட்டிருக்கும். அந்த மாதிரிக் கார்களுக்கு இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும், ஆனால் அங்கே அசைவது துணை ஃபிரேம், பாடி அல்ல.

ரப்பர் எதற்கு என்றால், சாலையின் அதிர்வும் இன்ஜினின் அதிர்வும் ஃபிரேம் வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வராமல் தடுக்கத்தான். 1965-ல் ஃபோர்டு தன் பெரிய கார்களை ரோல்ஸ்-ராய்ஸை விட அமைதியானவை என்றே விளம்பரம் செய்தது. அந்த வருடம்தான் அவற்றின் ஃபிரேமும் புதிதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. தனி ஃபிரேமும் நல்ல ரப்பரும் சேர்ந்தால் எவ்வளவு அமைதி கிடைக்கும் என்பதற்கு அந்தக் காலத்துப் பெரிய கார் ஒன்றில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

ஒரு மவுண்ட்டுக்குள் என்னென்ன இருக்கிறது

பொதுவாக ஒவ்வொரு மவுண்ட்டிலும் இரண்டு ரப்பர் இருக்கும். ஃபிரேமின் தாங்கிக்கு மேலே இருப்பது பாடியின் எடையைச் சுமக்கும். தாங்கிக்குக் கீழே இருப்பது, பாடி துள்ளி மேலே போகாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு இரும்புக் குழல், அதற்குள் போல்ட், அடியில் அகலமான வாஷர், மேலே பாடிக்குள் ஒரு நட். சில இடங்களில் உயரத்தைச் சரிசெய்ய மெல்லிய இரும்புத் தகடு, அதாவது ஷிம், வைத்திருப்பார்கள். சில கார்களில் ஒன்றிரண்டு இடங்களில் போல்ட்டே இருக்காது, பாடி சும்மா உட்கார ஒரு ரப்பர் திண்டு மட்டும்தான்.

அந்த இரும்புக் குழலைப் பற்றி நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் கொஞ்சம் நசுங்கும், அப்புறம் வாஷர் குழலின் முனையில் போய் முட்டும், அதற்கு மேல் ரப்பர் நசுங்காது. ரப்பர் எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குழலின் நீளம்தான், உங்கள் கைப்பலம் அல்ல. பழைய குழல் துருப்பிடித்து நீளம் குறைந்திருந்தாலோ, யாராவது முன்பு வேலை செய்தபோது அதைத் தொலைத்துவிட்டிருந்தாலோ, புது ரப்பர் அளவுக்கு மேல் நசுங்கிச் சீக்கிரமே கிழியும்.

தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

ரப்பர் பல விதத்தில் கெடும். பல வருடம் எடையின் கீழே இருந்து நசுங்கி அப்படியே நின்றுவிடும், வெப்பத்தில் இறுகிக் கட்டை மாதிரி ஆகிவிடும், காற்றில் இருக்கும் ஓசோனால் வெடிப்பு விடும், இன்ஜின் எண்ணெய் பட்டால் உப்பிக் கொழகொழவென்று ஆகும். காருக்கு அடியில் ஒரு விளக்கோடு படுத்துப் பாருங்கள். ரப்பர் காளான் குடை மாதிரி பக்கவாட்டில் பிதுங்கியிருந்தால், வெடிப்பு ஓடியிருந்தால், வாஷர் துருவில் உதிர்ந்திருந்தால், அல்லது பாடிக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளி இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் வேறாகவும் இருந்தால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேலே இருந்து பார்த்தாலும் தெரியும். கதவு மூடும்போது பூட்டுக் கொக்கியில் இடிக்கும். முன் ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே உள்ள கோடு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். ரேடியேட்டர் தாங்கியின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டால் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஃபேன் உறையும் அதோடு இறங்கும், ஆனால் ஃபேன் இன்ஜினோடு இருப்பதால் இறங்காது, அதனால் ஃபேன் உறையில் உரசும். இந்த உரசலைக் கேட்டுவிட்டு இன்ஜின் மவுண்ட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு கடப்பாரையை ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே மெதுவாகக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். நல்ல மவுண்ட் இறுக்கமாகத் திமிறும், கெட்டது தளர்வாக ஆடி "டக்" என்று உட்காரும்.

எதை வாங்குவது

ரப்பர், பாலியூரிதேன், அலுமினியக் கட்டை என்று மூன்று வகை கிடைக்கும். தினமும் ஓட்டுகிற, அமைதியாக இருக்க வேண்டிய காருக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். பாலியூரிதேன் அதிகக் கடினம், எண்ணெய் பட்டாலும் அவ்வளவு சுலபத்தில் கெடாது, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதிர்வு கொஞ்சம் உள்ளே வரும், சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் மாட்டினால் கீச்சென்று கத்தும். அலுமினியம் பந்தயக் காருக்கு மட்டும். எதை எடுத்தாலும் எல்லா மவுண்ட்டையும் ஒரே வகையில் போடுங்கள், நான்கு மட்டும் கெட்டிருக்கிறது என்று நான்கை மட்டும் மாற்றினால் பாடி கோணலாக உட்காரும்.

வாங்கும் முன் உங்கள் காரின் பாடி வகையைச் சரிபாருங்கள், ஏனென்றால் ஒரே மாடலில் கூரை உள்ள காருக்கும் கூரை மடக்கும் காருக்கும் மவுண்ட்டின் எண்ணிக்கையும் கடினத்தன்மையும் மாறலாம். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள், பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். சில செட்டுகளில் போல்ட்டும் குழலும் வராது, தனியாக வாங்க வேண்டும். போல்ட் வாங்கும்போது பழையதன் தலையில் இருக்கும் வலிமைக் குறியைப் பார்த்து அதே வலிமையோ அதற்கு மேலோ எடுங்கள்.

ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்

எல்லா போல்ட்டுக்கும் துருவை இளக்கும் எண்ணெய் அடியுங்கள், கீழே இருந்து மட்டும் போதாது. நட் பாடிக்குள் இருக்கிறது, அதனால் உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி, ரப்பர் மூடி இருந்தால் அதைக் கழற்றி, மேலே இருந்தும் அடிக்க வேண்டும். தினமும் ஒரு தடவை, ஐந்தாறு நாளுக்கு. ஒவ்வொரு தடவையும் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள், அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

இதற்கிடையில் அளவு எடுத்துவிடுங்கள். கார் சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது, ஒவ்வொரு மவுண்ட்டிலும் பாடிக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளி, ஒவ்வொரு கதவைச் சுற்றியும் மேலே நடுவே கீழே என்று இடைவெளி, பம்பருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள தூரம், எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். போட்டோவும் எடுங்கள். மவுண்ட்களுக்கு ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண் போட்டு, இடது 1, வலது 1 என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஷிம்மும் எந்த எண்ணில் இருந்தது என்று தெரியாமல் போனால் பின்னால் அழுகைதான்.

போல்ட்டைக் கழற்றுவது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடியைத் தூக்கும் முன்பே எல்லா போல்ட்டையும் அரைச் சுற்றாவது தளர்த்திப் பார்க்க வேண்டும், எது தகராறு செய்யப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஆறு முனை சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் எடுத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல் இறுக்கும் பக்கம் இம்மியளவு கொடுங்கள். துருவின் பிடி விட்டால் ஒரு சின்ன "கிர்ர்" கேட்கும். அப்புறம் கால் சுற்று கழற்றி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே இழுப்பில் கழற்றப் போனால் துருத்தூள் மரைக்குள் அடைத்துக்கொண்டு போல்ட் முறிந்துவிடும்.

பயப்பட வேண்டியது போல்ட் முறிவதற்குக்கூட இல்லை, உள்ளே இருக்கும் நட் சுற்றுவதற்குத்தான். அந்த நட் ஒரு மெல்லிய தகட்டுக் கூண்டுக்குள் இருக்கும். கூண்டு துருவில் கிழிந்தால் போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றும், எவ்வளவு திருப்பினாலும் கழறாது. என் காரில் பின் இருக்கைக்குக் கீழே இருந்த ஒன்று இப்படித்தான் சுற்றியது. கீழே இருந்து ஒரு நாள் முழுக்கப் போராடினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேலே தரைத் தகட்டில் நட்டுக்கு நேராக மூன்று பக்கம் மட்டும் வெட்டி ஒரு கதவு மாதிரி மடக்கித் திறந்து, நட்டை ஸ்பானரால் பிடித்துக்கொண்டு கழற்றினேன். வேலை முடிந்ததும் அதை மடக்கி வெல்டு வைத்து, ப்ரைமர் அடித்து, சீலர் பூசினால் சரி. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம், ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நட் சுற்றுகிறது என்று தெரிந்த உடனேயே மேலே இருந்து வழி தேடுங்கள்.

சூடு காட்டுவது பலன் தரும், ஆனால் நெருப்பு என்றால் கார்ப்பெட், அடிப்பூச்சு, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய ரப்பரும் தீப்பிடிக்கும், அதன் புகை மோசமானது. எண்ணெய் அடித்த இடத்தில் தீ காட்டவே வேண்டாம். மின்காந்தச் சுருளால் சூடேற்றும் கருவி கிடைத்தால் அதுதான் நல்லது. நெருப்புத்தான் வழி என்றால் கார்ப்பெட்டை வெளியே எடுத்து, மேலே ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும்.

தூக்கும் முன் எதையெல்லாம் விடுவிக்க வேண்டும்

ஒரு பொருளின் ஒரு முனை பாடியிலும் மறுமுனை ஃபிரேமிலோ இன்ஜினிலோ இருந்தால் அது இழுபடும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் வரை போனால் எதுவும் விட்டுப்போகாது.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பாடிக்கும் இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டைகள் எல்லாம். ஃபேன் உறையை ரேடியேட்டரிலிருந்து கழற்றிப் பின்னால் தள்ளி வையுங்கள், இதை மறந்தால் உறை ஃபேனில் மாட்டி உடையும். ரேடியேட்டர் குழாய்களும் ஹீட்டர் குழாய்களும் பழையதாக இறுகியிருந்தால் கழற்றிவிடுவதே நல்லது. ஸ்டீயரிங் தண்டு ஸ்டீயரிங் பெட்டியோடு சேரும் இணைப்பைக் குறி போட்டுக் கழற்றுங்கள், கழற்றிய பின் ஸ்டீயரிங்கைச் சுற்றாதீர்கள். கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தால் அதன் கம்பிகள், கிளட்ச் பெடலிலிருந்து போகும் கம்பி, ஆக்ஸிலரேட்டர் கம்பி, ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவற்றில் எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று கையால் இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பர் குழாயையும் மறக்க வேண்டாம்.

பிரேக் குழாய்க்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பாடியில் இருக்கும், அதிலிருந்து இரும்புக் குழாய் ஃபிரேமுக்கு இறங்கும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றிவிட்டால் கொஞ்சம் தூக்குவதற்கு அது வளைந்து கொடுக்கும், ஆனால் துருப்பிடித்த குழாய் வளையாது, வெடிக்கும். அப்படி இருந்தால் இதே சமயத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஏசி இருந்தால் அதன் குழாய்களைத் திறக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. தளர்வு போதுமா என்று மட்டும் பாருங்கள். முன் பம்பர் ஃபிரேமில் மாட்டியிருந்தால் ஃபெண்டர் மேலே போகும்போது பெயிண்ட் உரசும், இடையில் துணியைக் கட்டுங்கள்.

பாடியைத் தூக்குவது

ஃபிரேமை ஸ்டாண்டில் நிறுத்துவதை விட, இடம் இருந்தால் நாலு சக்கரத்தையும் சாய்தளத்தில் ஏற்றியோ, அச்சுகளுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தோ வையுங்கள். எடை சக்கரத்தின் வழியாகப் போனால்தான் ஃபிரேம் ஓடும்போது இருக்கிற அதே வளைவில் இருக்கும், கதவு இடைவெளியைப் பிறகு சரிபார்க்க அது முக்கியம்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இடது பக்கத்தை மாற்றும்போது வலது பக்க போல்ட்டுகளைப் பாதி தளர்த்தி அப்படியே விட்டுவிடுங்கள், பாடி நழுவாமல் அவை பிடித்துக்கொள்ளும். இடது பக்க போல்ட்டுகளை முழுதாக எடுத்துவிடலாம். ஜாக்கியின் மேல் நீளமான, தடிமனான மரப்பலகையை வைத்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பலமான பகுதியில் கொடுங்கள். வெறும் தரைத் தகட்டில் ஜாக்கி கொடுத்தால் தகடு உள்ளே குழிந்துவிடும். முடிந்தால் இரண்டு ஜாக்கி, முன்னே ஒன்று பின்னே ஒன்று.

5 மி.மீ. தூக்குங்கள், நிறுத்துங்கள், காரைச் சுற்றி ஒரு நடை நடந்து எங்காவது இழுக்கிறதா என்று பாருங்கள். மறுபடி 5 மி.மீ. இந்த நடைதான் காரைக் காப்பாற்றும். மொத்தம் 25 முதல் 50 மி.மீ. போதும், பழைய ரப்பர் வெளியே வரும் அளவுக்கு மட்டும். எங்காவது ஜாக்கி கனமாகத் தெரிந்தால் ஏதோ ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, மேலே தூக்காமல் அதைத் தேடுங்கள்.

தூக்கியதும் பாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கெட்டியான மரக்கட்டைகளை வையுங்கள். கட்டை இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அந்த இடுக்கில் விரலை விடவே கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

பழையதை எடுத்த பின் இரும்பைப் பாருங்கள்

ரப்பர் போன பின் தெரியும் தாங்கியை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த இரும்பு போய்விட்டது, அதன் மேல் புது ரப்பர் வைப்பதில் பயனில்லை, வெல்டு செய்துதான் ஆக வேண்டும். ஃபிரேமின் ஓட்டை பெரிதாகி முட்டை வடிவில் ஆகியிருந்தால் சரியான துளையுள்ள தடித்த தகட்டை வெல்டு செய்யலாம். நல்ல இரும்பு என்றால் துத்தநாகம் கலந்த ப்ரைமரும் பெயிண்டும் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். நட்டின் மரையில் அதே அளவு டேப், அதாவது மரை வெட்டும் கருவி, விட்டுத் துருவை மட்டும் எடுங்கள்.

புதியதை உட்கார வைப்பது

பழைய ரப்பரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தால் புதியது பெரிதாகத் தெரியும், அது இயல்பு, பழையது நசுங்கியது. ஒப்பிட வேண்டியது இரும்புக் குழலின் நீளத்தை. ஒவ்வொரு எண்ணுக்கும் உரியதை அதற்கு நேராகத் தரையில் அடுக்கிவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் செட்டுக்குள்ளேயே உயரங்கள் மாறும்.

மேல் ரப்பரில் அடியில் ஒரு சின்ன கழுத்து இருக்கும், அது ஃபிரேமின் ஓட்டைக்குள் சரியாக இறங்க வேண்டும். பழைய ஷிம்மை அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். ரப்பருக்குப் பெட்ரோலிய கிரீஸ் தடவாதீர்கள், அது ரப்பரை உப்ப வைக்கும். போல்ட்டின் தண்டில் துருத் தடுப்புப் பசை கொஞ்சம் தடவலாம், ஆனால் மரை வழுக்கலாக இருந்தால் கையேட்டில் சொன்ன முறுக்கு விசையைக் குறைக்க வேண்டும், உலர்ந்த மரைக்கான எண் அது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருப்பி மாட்டுங்கள். கையால் நான்கைந்து சுற்று போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

கட்டைகளை எடுத்து, தூக்கிய மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அப்புறம் மறுபக்கம்.

இறுக்குவதும் கதவைச் சரி செய்வதும்

எல்லாம் தளர்வாக இருக்கும்போதே ஸ்டீயரிங் தண்டு நேராகச் சேர்கிறதா, பம்பர் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து பாடியை நகர்த்திச் சரி செய்யுங்கள். சில கார்களில் பாடியிலும் ஃபிரேமிலும் நேருக்கு நேர் துளைகள் இருக்கும், அவற்றில் ஒரு கம்பியை விட்டால் தானாக நேராகும். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள மவுண்ட்டிலிருந்து தொடங்கி, முன்னும் பின்னுமாக, இடதும் வலதுமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். முறுக்கு விசையை உங்கள் காரின் கையேட்டிலிருந்தே எடுங்கள். அது பவுண்டு-அடியில் இருந்தால் 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் வரும்.

இப்போது கதவுகளை மூடிப் பாருங்கள். கீலைத் தொடாதீர்கள், முதலில் ஷிம்தான். கதவுத் திறப்பின் மேல் பகுதியில் இடைவெளி அதிகமாக இருந்தால் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள மவுண்ட்டில் ஒரு ஷிம் சேர்க்கலாம், பாடியின் முன்பகுதி உயர்ந்து மேல் இடைவெளி சுருங்கும். மேலே நெருக்கமாக இருந்தால் கதவுக்கு நேர்க்கீழே நடுவில் உள்ள மவுண்ட்டில் சேர்க்க வேண்டும். ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே மேலே மட்டும் அகலமாக இருந்தால் ஃபெண்டரின் மூக்கு தொங்கியிருக்கிறது, ரேடியேட்டர் தாங்கியின் கீழே ஷிம் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு ஷிம், இறுக்கிய பின்தான் அளவு. கூரை மடக்கும் காரில் ஒரு மெல்லிய ஷிம்கூட கதவில் நன்றாகத் தெரியும், மற்றதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஷிம்மில் எல்லாம் சரியான பிறகும் மிச்சம் இருந்தால் அப்போது கீல்.

கழற்றிய ஒவ்வொன்றையும் திரும்ப மாட்டும்போது எர்த் பட்டைகளுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். அவை விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கருக்கிவிடும். பிரேக் குழாயைத் திறந்திருந்தால் காற்றை முழுதாக வெளியேற்றாமல் காரை நகர்த்தக் கூடாது. ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி உறையில் படவில்லை என்று பார்த்த பின்புதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் ஓட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும், மெதுவாக, கரடுமுரடான சாலையில். 500 கி.மீ. ஓடிய பின் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், புது ரப்பர் அதற்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். அதே நாளில் கதவு இடைவெளியையும் மறுபடி அளந்து, பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதி வையுங்கள்.